ஸ்டேட்லெஸ் லைப்ரரி: ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல ஃபயர் பண்ணா?

கேள்வி:
டாட்நெட் சர்வீஸ், ஆர்டர் நிலையெல்லாம் ஸ்டேட்லெஸ்ல (ஸ்டேட் மெஷின் எழுதுற டாட்நெட் லைப்ரரி) ஓடுது. ட்ரிக்கரை ஃபயர் பண்ணா ஆர்டர் ஒரு நிலையிலேர்ந்து அடுத்ததுக்கு மாறும். பேமென்ட் வெப்ஹூக் (பணம் ஏறிடுச்சுன்னு பேமென்ட் கம்பெனி அனுப்புற அழைப்பு) ஒரு த்ரெட்ல வரும்; 15 நிமிஷ டைமர் இன்னொரு த்ரெட்லேர்ந்து ரத்து ட்ரிக்கரை அடிக்கும். ரெண்டும் மோதினா சில ஆர்டர்ல பணமும் ஏறுது, ரத்தும் ஆகுது. ஃபயரிங்மோட் (ட்ரிக்கரை எப்படி எடுக்கணும்ங்கிற அமைப்பு) க்யூட்தான், அதாவது வரிசைல போட்டு எடுக்கிறது. அப்புறம் எப்படி? லாக் (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டை மட்டும் விடுற பூட்டு) போட்டா உள்ள அவெயிட் கம்பைலே ஆகல.

பதில் 1:
க்யூட் என்பது த்ரெட்டுகளுக்கான ஏற்பாடே இல்லை. ஆன்என்ட்ரிக்குள்ளிருந்து (ஒரு நிலைக்குள் நுழையும்போது ஓடும் கோடு) இன்னொரு ட்ரிக்கரை அடித்தால், நடப்பது முடிந்தபின் அதை எடுப்பதற்காக வைத்தது. உள்ளே இருப்பது சாதாரண க்யூ. "ஓடுகிறதா" என்று பார்க்க ஒரு பூலியன். இரண்டு த்ரெட்டும் ஒன்றாகப் படித்தால் இரண்டுக்கும் ஃபால்ஸ்தான் தெரியும், இரண்டும் உள்ளே போய்விடும். ஒரே நேரத்தில் பல த்ரெட்டில் பயன்படுத்தாதீர்கள் என்று ரீட்மீயிலேயே இருக்கிறது.

மோதாத நேரத்திலும் ஒரு வினை உண்டு. முதல் ட்ரிக்கர் ஓடும்போது வரும் இரண்டாவது ஃபயர்அசிங்க் வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். அவெயிட் முடிந்தது என்று நிலையைப் பார்த்தால் பழையதுதான் இருக்கும். அந்த ட்ரிக்கர் வெடித்தாலும் எக்ஸெப்ஷன் முதலில் கூப்பிட்டவர் தலையில் விழும்.

பதில் 2:
லாக்குக்குப் பதிலா செமஃபோர்ஸ்லிம் (1, 1), அதாவது அவெயிட்டோட ஒத்துப்போற பூட்டு. ஃபயர் பண்றதுக்கு முன்னாடி வெயிட்அசிங்க், ஃபைனலி பிளாக்ல ரிலீஸ். முடிஞ்சது.

பதில் 3:
செமஃபோர்ஸ்லிம் ரீஎன்ட்ரன்ட் இல்ல (பூட்டை வச்சிருக்கிறவரே திரும்பக் கேட்டாலும் உள்ள விடாது), கவனம். ஆன்என்ட்ரிஅசிங்க் உள்ளேர்ந்து பூட்டு போட்டு ஃபயர் பண்ற அதே ரேப்பர் மெத்தடைக் கூப்பிட்டா, தன் கையில இருக்கிற சாவிக்குத் தானே காத்துக்கிட்டு நிக்கும். எக்ஸெப்ஷன் வராது, சிபியு ஏறாது, சும்மா உறைஞ்சிடும். உள்ளேர்ந்து அடிக்கிறது மட்டும் நேரா மெஷினோட ஃபயர்அசிங்க்கா இருக்கட்டும், க்யூட் அதுக்குத்தான்.

நான் சேனலைத்தான் சொல்வேன் (பல த்ரெட் எழுதலாம்னு டாட்நெட்லயே இருக்கிற மெசேஜ் வரிசை). ஆர்டருக்கு ஒரு சேனல், சிங்கிள்ரீடர் ட்ரூ, படிக்க ஒரே லூப். வெப்ஹூக்கும் டைமரும் அதுல எழுதட்டும், மெஷினைத் தொட வேண்டாம். ட்ரை-கேட்ச் லூப்புக்கு உள்ள, ஒவ்வொரு ட்ரிக்கரையும் சுத்தி இருக்கணும். வெளிய போட்டா அனுமதியில்லாத ஒரு ட்ரிக்கரோட லூப்பே செத்துடும், அப்புறம் சேனல் நிரம்பிக்கிட்டே போகும்.

கேட்டவர்:
வெப்ஹூக்குக்கு முடிவு தெரிஞ்சாதானே பதில் அனுப்ப முடியும்?

பதில் 3:
மெசேஜோட ஒரு டாஸ்க்கம்ப்ளீஷன்சோர்ஸையும் (வெப்ஹூக் அவெயிட் பண்ற டாஸ்க்கை, முடிவு கிடைச்சதும் லூப் முடிச்சு வைக்கிறதுக்கு) அனுப்புங்க, ரன்கன்டினியுவேஷன்ஸ்அசிங்க்ரனஸ்லி கொடியோட. அது இல்லேன்னா வெப்ஹூக்கோட மீதி வேலை உங்க லூப் மேலேயே ஓடும்.

பதில் 1:
இவ்வளவும் செய்தாலும் ரத்து முதலில் வந்து, பணம் பின்னால் வரும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது. இப்போது வரிசையாக வரும், அவ்வளவுதான். ரத்து நிலையில் பேமென்ட் ட்ரிக்கருக்கு இக்னோர் (சத்தமில்லாமல் விட்டுவிடு) போட்டுவிடாதீர்கள். ரீஃபண்ட் நிலைக்கு மாற ஒரு பெர்மிட் (அனுமதி) வையுங்கள். சர்வர் இரண்டு ஓடினால் சேனலும் போதாது, டேட்டாபேஸில் ஒவ்வொரு ஆர்டர் ரோவிலும் வெர்ஷன் நெடுவரிசை (இடையில் வேறு யாரும் மாற்றினார்களா என்று பார்க்கும் எண்) வேண்டும்.