இல்லத்தில் அண்ணனுக்குக் கட்டாய மொட்டை: புகார் கொடுக்கலாமா?

தாமிரபரணிக்காரி:
என் அண்ணனுக்கு வயது 52. மனச்சிதைவு நோய். அம்மா போன பிறகு, 9 ஆண்டுகளாக ஒரு தனியார் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் பார்க்கச் சென்றேன். எல்லோருக்கும் மொட்டை, எல்லோருக்கும் ஒரே பழுப்புச் சீருடை. வரிசையில் என் அண்ணன் யார் என்று தேட வேண்டியதாயிற்று. தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை எங்கே என்றால், "அதெல்லாம் பொதுவில் போய்விடும்மா" என்கிறார்கள். மொட்டை வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். இது சட்டப்படி தவறு என்று ஒருவர் சொன்னார். புகார் கொடுத்தால் "கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பழைய காப்பாளர்:
அம்மா, 11 ஆண்டுகள் இப்படி ஒரு இல்லத்தில் வேலை பார்த்தவன் நான். இரவில் 60 பேருக்கு நாங்கள் இரண்டு பேர். ஒரு தலையில் பேன் வந்தால் பத்தே நாளில் வார்டு முழுக்க வந்துவிடும். சொரிந்து சொரிந்து புண்ணாகிச் சீழ் பிடித்த தலைகளைக் கழுவியிருக்கிறேன். ஒரு சட்டைக்காக இருவர் மண்டையை உடைத்துக்கொண்டதும் உண்டு, அதன் பிறகுதான் எங்களிடம் சீருடை வந்தது. சட்டம் எழுதியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்பது பேரைக் குளிப்பாட்டிப் பார்க்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் குடும்பத்துக்குச் சட்டைதான் கண்ணில் படுகிறது.

கறுப்புக் கோட்டு:
காப்பாளர் ஐயாவின் கஷ்டம் புரிகிறது. ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 20 இதில் துளியும் சந்தேகம் வைக்கவில்லை. கட்டாய மொட்டை கூடாது. விரும்பினால் சொந்த உடை உடுத்தலாம், சீருடையைத் திணிக்கக் கூடாது. வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் கூலி தர வேண்டும். பேனுக்கு மருந்து இருக்கிறது ஐயா.

பழைய காப்பாளர்:
அது மருத்துவமனைக்கு. நாங்கள் நடத்தியது இல்லம்.

கறுப்புக் கோட்டு:
இந்த வாதத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கிற, மறுவாழ்வு தருகிற எந்த இடமும் இந்தச் சட்டத்தில் மனநல நிறுவனம்தான். உறவினரோடோ நண்பரோடோ குடியிருக்கும் வீடு மட்டுமே விலக்கு. பெயர்ப் பலகையில் ஆசிரமம் என்று எழுதினாலும் பதிவு செய்தாக வேண்டும். பலகையை நம்பி விட்டதன் விலையை நாம் ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6, விடியும் முன் அங்கே ஒரு மனநோயாளர் இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

பழைய காப்பாளர்:
சங்கிலியையும் முடிவெட்டும் மெஷினையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், கோபம் வருகிறது. ஏர்வாடிக்குப் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். சில நாட்களில் அங்கிருந்த இல்லங்களையெல்லாம் மூடினார்கள். நூற்றுக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். அவர்களில் எத்தனை பேரை வீட்டில் வாசல் திறந்து வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மூடுவது ஒரு கையெழுத்து வேலை, அவ்வளவுதான்.

ஒரு தகப்பன்:
காப்பாளர் சொல்வதே எனக்கும் படுகிறது. என் மகனுக்கு 31 வயது. எனக்குப் பின் யார் என்று நினைத்தால் தூக்கம் வராது. மொட்டையோ சீருடையோ, மூன்று வேளைச் சோறும் வேளைக்கு மாத்திரையும் கிடைத்தால் போதும்.

ஐந்தாம் கட்டில்:
நான் நான்கு ஆண்டுகள் இல்லத்தில் இருந்தவன். இப்போது வெளியே தனி அறையில் இருக்கிறேன், அச்சகத்தில் வேலை. எனக்கும் மொட்டை போட்டார்கள். பழனியில் அப்பா மடியில் உட்கார்ந்து போட்ட மொட்டையும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு அழுதேன், பிறகு பஞ்சாமிர்தம் சாப்பிட்டேன். இல்லத்தில் போட்டது வேறு. அன்று சவரக் கத்தி காதோரம் போகும்போது நான் அசையவில்லை. "பார், நல்ல பையன்" என்றார்கள். அதன் பிறகு வெகுநாள் எதையும் கேட்டதில்லை, தண்ணீர் உட்பட. தகப்பனார் ஐயா, சோறும் மாத்திரையும் எனக்கும் கிடைத்தன.
சட்டைக்கு ஒரு வழி: காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் பெயர் தைக்கலாம். எங்கள் இல்லத்தில் சமையல்கார அக்கா எனக்கு மட்டும் தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டை தொலையவே இல்லை.

கறுப்புக் கோட்டு:
தங்கை, உங்கள் பயத்துக்கு வருகிறேன். பிரிவு 28-இன்படி முதலில் இல்லத்தின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள், பதில் திருப்தியில்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம். அண்ணனே கொடுக்கலாம், இலவச சட்ட உதவிக்கும் அவருக்கு உரிமை உண்டு. நேரில் பார்க்கவோ தொலைபேசியில் பேசவோ விடாமல் தடுத்தால் அதற்கும் பிரிவு 26 இருக்கிறது. காப்பாளர் ஐயா கேட்டதும் நியாயமான கேள்விதான், அதைச் சட்டம் அரசின் தலையில் வைத்திருக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது. சமூகத்துக்குள் வாழ, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவிலான இடைநிலை இல்லம், சிலர் சேர்ந்து வாழும் குழு இல்லம் போன்றவற்றை அரசு அமைக்க வேண்டும் என்கிறது பிரிவு 19.

பழைய காப்பாளர்:
"அமைக்க வேண்டும்." நல்ல சொல். அமைத்த பிறகு சொல்லுங்கள்.
ஐந்தாம் கட்டில் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் "நல்ல பையன்" என்று சொன்னவன்தான்.

தாமிரபரணிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு சட்டைக்குப் பெயர் தைத்துவிட்டேன். மருத்துவருக்குக் கடிதமும் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்றால் அவரே கையெழுத்துப் போடட்டும். வேண்டாம் என்றால் கொடுக்கப் போவதில்லை.

பழைய காப்பாளர்:
கடிதத்தில் பேன் மருந்தையும் சேருங்கள் அம்மா. அறுபது தலைக்கு அதை யார் வாங்கிக் கொடுப்பது என்றும் ஒரு வரி கேளுங்கள்.