மறு: கிளாஷ் டிடெக்‌ஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கட்டடத்தின் கம்ப்யூட்டர் மாடலில் குழாயும் பீமும் போல இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் வருகிறதா என்று தேடுவதைத்தான் 'கிளாஷ் டிடெக்‌ஷன்' என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்தப் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'மோதல் கண்டறிதல்' என்று வைத்துக்கொள்ளலாமே? அகராதிப்படி சரியாகத்தானே இருக்கிறது?

அகராதிப்படி சரிதான் ஐயா. ஆனால் சைட்டில் 'மோதல்' என்றால் மேஸ்திரிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் சண்டை என்றுதான் நினைப்பார்கள். 'இடிப்பு' இன்னும் மோசம், கடப்பாரையோடு வந்து நிற்பார்கள். நான் குழாய், டக்ட் (ஏ.சி. காற்று போகும் பெட்டிக் குழாய்) வேலை எடுத்துச் செய்கிற ஒப்பந்தக்காரன். எங்கள் ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "சார், பைப் பீம்ல முட்டுது." அதனால் 'முட்டல்' என்கிறேன். அதைத் தேடுவது 'முட்டல் பார்த்தல்'.

பிம் (BIM, கட்டும் முன்பே கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாகச் செய்வது) வந்ததில் ஒப்பந்தக்காரருக்கு என்ன லாபம் என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். நான் கண்ட பெரிய லாபம் இந்த முட்டலில்தான். கழிவுநீர்க் குழாய்க்கு 1:100 வாட்டம் கொடுத்தால், 12 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் 120 மி.மீ. கீழே இறங்கிவிடும். 2டி பிளானில் அது வெறும் கோடு. எந்த இடத்தில் பீமுக்குள் நுழைகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்தால் கோர் கட்டிங் போட்டு கான்கிரீட்டைத் துளைக்க வேண்டும். வழியில் கம்பி மாட்டினால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். வாட்டத்தையும் மாற்ற முடியாது, ஆக குழாயை பீமுக்குக் கீழே இறக்கி, அங்கே இருக்கும் டக்டைத்தான் கழற்றி மாட்ட வேண்டும். அந்தக் கூலி யார் தலையில்? ஒரு முறை ஒரு மாடி முழுக்கக் கழற்றியிருக்கிறேன், என் செலவில். முன்பே மாடலில் பார்த்திருந்தால் சென்டரிங் அடிக்கும்போதே குழாய் நுழைய ஒரு ஸ்லீவ் (உறைக்குழாய்) வைத்திருக்கலாம்.

> 'முட்டு' என்பது சென்டரிங்குக்குக் கீழே கொடுப்பதாயிற்றே, குழம்பாதா?

"முட்டுக் கொடு" என்பதையும் "முட்டுது" என்பதையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொல்கிறார். இதுவரை யாரும் பைப்புக்கு சவுக்குக் கம்பு நட்டதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. நேவிஸ்வொர்க்ஸ் (மாடலில் முட்டல் தேடும் மென்பொருள்) காட்டுவது முட்டல் மட்டும் அல்ல. சில இடங்களில் இரண்டும் தொடாது, ஆனால் வால்வைத் திருப்ப ஸ்பேனர் நுழையாது. இதை 'மென்முட்டல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தொடவே இல்லையே, அப்புறம் என்ன முட்டல்? 'இடுக்கு' போதும். இன்னொன்று, ஒரே குழாயை இரண்டு பேர் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது. அதை அப்படியே அளவெடுத்து பர்ச்சேஸ் போட்டால் இரண்டு மடங்கு குழாய் வந்து இறங்கும். அதற்கு 'இரட்டிப்பு'.

மிச்சம் 4டி அட்டவணையில் (மாடலோடு வேலை நாட்களையும் சேர்த்தது) தெரிகிற சிக்கல்: பூச்சுக்காரரும் ஏ.சி. ஆட்களும் ஒரே வாரத்தில் ஒரே அறைக்குள் நிற்பது. 'கால முட்டல்' என்றால் புத்தக வாடை அடிக்கிறது. இதற்கு வேண்டுமானால் ஐயா சொன்ன 'மோதல்' என்பதையே கொடுத்துவிடலாம். அங்கே நடப்பதும் அதுதான்.

அன்புடன்,
குழாய்க்காரன்