கூரைத் தகட்டின் அடியில் கோக்கும் நீர்: ‘ஒடுக்கம்’ வேண்டாம், ‘ஈரம்பூத்தல்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

நம் கூரைச் சொற்பட்டியலுக்காக, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த தகட்டின் அடியில் நீராகப் படிவதற்கு (condensation) ஒரு தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை ஒரே மூச்சில் படித்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

> ஒடுக்கம் பாடநூலில் உள்ள சொல். அதையே கூரைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கை நண்பர்களுக்கு இது இயல்பாக இருக்கும், அங்கே ஒடுங்கல், ஒடுக்கம் என்று படித்தே வளர்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறான வினைக்குத்தான் ஒடுக்கம் என்று பெயர். தகடு துருப்பிடிப்பதே ஆக்சிஜனேற்றம் என்னும்போது, ‘அடிப்பக்கம் ஒடுக்கம் நடப்பதால் துரு ஏறுகிறது’ என்று எழுதினால் பாடம் படித்தவர்களே குழம்புவார்கள். ‘ஆவி சுருங்குதல்’ என்பதற்கும் இதே கதிதான். கட்டுமானத்தில் சுருக்கம் என்றால் கான்கிரீட் காயும்போது சுருங்குவது, அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைக்க வேண்டும்.

> வேலைக்காரர்கள் ‘ஷீட் வேர்க்குது’ என்கிறார்கள். ‘கூரை வியர்ப்பு’ போதுமே.

பேச்சில் நல்ல சொல், யாரும் அதை விட வேண்டியதில்லை. ஆனால் வியர்வை உடம்புக்குள்ளிருந்து வருவது. ஷீட் வேர்க்கிறது என்றதும் கோளாறு ஷீட்டில் இருப்பதாகவே உரிமையாளர் எடுத்துக்கொள்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு துணிக் கிடங்கில் இதுதான் நடந்தது. மார்கழியில் விடியற்காலையில் பண்டல்கள் மேல் சொட்டுகிறது என்றதும் ஒழுகல் என்று முடிவு கட்டி, மேலே ஆளேற்றி ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கும் சிலிகான் வைத்தார்கள். மறு குளிர்காலத்தில் மறுபடியும் அதே சொட்டு, மழையே இல்லாத நாட்களில்! கீழே தரையைப் பார்த்தாலே விஷயம் தெரிந்திருக்கும். ஒழுகல் என்றால் அங்கொன்று இங்கொன்றாகக் கறை இருக்கும். இங்கே பர்லின் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஓடும் நீளத்துக்கும், ஒரு பர்லின் விடாமல், கோடு போட்டதுபோல் சொட்டுத் தடம். தகட்டின் அடியில் கோத்த நீர் சரிவில் இறங்கி வந்து பர்லினில் முட்டி அங்கே விழுகிறது. வெயில் ஏறி ஒன்பது மணி ஆனால் தகடு காய்ந்துவிடும், யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல் மறைக்கக் கூடாது, அது உள்ளே நிற்கும் காற்றிலிருந்து வருகிறது. 25 டிகிரி வெப்பம், 90 சதவீதம் ஒப்பு ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 23 டிகிரி. ஆக, தகடு காற்றைவிட இரண்டு டிகிரி குளிர்ந்தால் போதும். மேகமில்லாத இரவில் தகடு தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடுவதால் சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கீழே போய்விடும். பெயின்ட் பூசிய தகடு, பூசாத பளபளப்பான கால்வால்யூம் (அலுமினியம்-துத்தநாகப் பூச்சுள்ள எஃகு) தகட்டைவிட இரவில் அதிகமாகக் குளிரும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அளவும் சின்னதில்லை. ஆயிரம் கன மீட்டர் கொட்டகையில் 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால், காற்றில் ஏறத்தாழ 24 கிலோ நீராவி மிதக்கிறது. அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிலோவைத்தான் தாங்கும். மீதி ஏழு லிட்டர் எங்காவது படிந்தாக வேண்டும், முதலில் குளிர்வது தகடு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். சுவரில் வெள்ளை வெள்ளையாக வருவதை ‘உப்புப் பூத்திருக்கு’ என்று கொத்தனார் சொல்கிறார். நெற்றியில் வியர்வை பூக்கிறது என்கிறோம். பரப்பின் மேல் மெல்லப் பொடிப்பொடியாகத் தோன்றிப் பரவுவதற்குத் தமிழில் பூத்தல் என்ற வினை தயாராகவே இருக்கிறது. அதனால் என் முன்மொழிவு ‘ஈரம்பூத்தல்’. தகடு ஈரம் பூத்திருக்கிறது, ஈரம்பூக்காத கூரை, ஈரம்பூத்தல் தடுப்பு என்று வினையாகவும் பெயராகவும் வளையும். உப்புப்பூத்தல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் கொத்தனாருக்கு விளக்கவே வேண்டாம். ‘நீர்பூத்தல்’ என்று வைத்தால் காதில் நீறு பூத்தது போல விழும், அதனால்தான் ஈரம். ‘ஈரப்பூப்பு’ என்று சுருக்கவும் வேண்டாம், பூப்புக்கு வேறு பொருள் ஊன்றிவிட்டது.

‘பனிப்பு’ என்று முன்மொழிந்த நண்பருக்கு: அழகான சொல், பனிநிலையோடு ஒட்டியும் வருகிறது. ஆனால் கூரைப் பொறியியலில் பனி கொட்டும் நாடுகளின் பனிச்சுமையும் நம் பட்டியலில் உண்டு. இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் வந்தால் தொல்லை.

இன்னொரு சொல்லைப் பற்றி எனக்கு இதைவிடக் கவலை. ‘உட்புற ஆவித்தடுப்பு’ என்று பட்டியலில் ஏற்றியிருக்கிறோம். குளிர்நாட்டு நூல்களில் நீராவி புகாத தாளை வீட்டின் உட்பக்கம் வைக்கச் சொல்வது அங்கே உள்ளேதான் சூடும் ஈரமும் என்பதால். சென்னையில் ஏசி போட்ட கட்டடத்துக்கோ தூத்துக்குடியில் மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கோ சூடும் ஈரமும் வெளியே. அங்கே தாளை உட்பக்கம் மட்டும் வைத்தால் வெளிக்காற்று வெப்பக்காப்புக்கு வைத்த கண்ணாடிப் பஞ்சுக்குள் புகுந்து, குளிர்ந்த தாளில் முட்டி, பஞ்சு முழுக்க நனைந்து தொங்கும். நனைந்த பஞ்சு வெப்பத்தையும் தடுக்காது, ஒட்டியிருக்கும் இரும்பையும் தின்றுவிடும். ஆகவே தயவுசெய்து ‘வெப்பப்பக்க ஆவித்தடுப்பு’ என்று மாற்றுங்கள். எது வெப்பப்பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்காரர் தாளைப் பிரிக்க வேண்டும். மூட்டுகளில் டேப் ஒட்டாமல் விட்டால் அந்தத் தாள் இருந்தும் பயனில்லை, விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்கலாம்.

தகட்டின் அடியில் தொழிற்சாலையிலேயே ஒட்டி வரும் கம்பளி மாதிரியான படலத்துக்கு ‘ஒடுக்கத் தடுப்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எதையும் தடுப்பதில்லை. ஈரம் பூக்கத்தான் செய்யும், இது அதை இரவில் பிடித்துவைத்துப் பகலில் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பகலில் காய வழியில்லாத இடத்தில் போட்டால் நிறைந்து சொட்டும். அதனால் ‘சொட்டுறிஞ்சி’. இறவாரப் பக்கம் சில அங்குலத்துக்கு அதன் உறிஞ்சும் தன்மையைப் போக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மழைநீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், காற்றோட்டம் வைத்தால் எல்லாம் சரியாகும் என்று இரண்டு மூன்று மடல்களில் இருக்கிறது. ஈரம் உள்ளேயே உண்டாகும் இடத்துக்கு அது முழு உண்மை. மொட்டை மாடியில் ஷீட் போட்டுச் சமையல் நடக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் ஏறியிருக்கும், சோறு வடிக்கும் ஆவி தனிக்கணக்கு. அங்கே முகட்டில் திறப்பு கட்டாயம் வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கும் அப்படித்தான். ஆனால் வெளிக்காற்றே ஈரமாக நிற்கும் கடலோர இரவில் தகடு அதன் பனிநிலைக்குக் கீழே போய்விட்டால், திறந்து வைத்த கூரையிலும் ஈரம் பூக்கும். அங்கே தகட்டுக்கு அடியில் இடைவெளி விடாமல் வெப்பக்காப்பு ஒட்டுவதோ சொட்டுறிஞ்சியோதான் வழி.

ஆக என் பக்கத்திலிருந்து மூன்று சொற்கள்: ஈரம்பூத்தல், வெப்பப்பக்க ஆவித்தடுப்பு, சொட்டுறிஞ்சி. பனிநிலைக்கு இலங்கையில் வழங்கும் ‘பனிபடுநிலை’யையும் பக்கத்திலேயே கொடுத்துவிடலாம், இரண்டில் ஒன்றை ஒழிக்கத் தேவையில்லை.

நுவரெலியா, ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஒன்று சொல்லுங்கள்: தோட்டத் தொழிலாளர்களின் தகரக் கூரை லயன் வீடுகளில் காலையில் சொட்டுவதை அங்கே மக்கள் என்னவென்று சொல்கிறார்கள்? ஏற்கெனவே ஒரு சொல் வாயில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு ஈரம்பூத்தலை விட்டுவிட எனக்குத் தடையில்லை.