திருக்கோவில் மணற்காணியில் ஊதாப் பூச்செடி: அவுரியா, காவிளாயா?

திருக்கோவில் வாசகர்:
வணக்கம். எங்கள் தென்னங்காணியின் மணலில் முழங்காலளவு உயரத்துக்குக் கிளைத்துப் படர்ந்த செடியொன்று, மாரி ஓய்ந்ததும் கிளைநுனிகளில் ஊதாப் பூக்களைத் தாங்கி நிற்கிறது. அடித்தண்டு விறகுபோல் கடினமாகவும் மேற்கிளைகள் பச்சையாகவும் உள்ளன. அயலவர்கள் அவுரி என்கிறார்கள். அம்மம்மா காவிளாய் என்கிறார். காணியைத் துப்புரவாக்குமுன் உறுதிசெய்ய விரும்புகிறேன்.

கல்லடி வாசகர்:
அம்மம்மா சொல்வதே சரியாக இருக்கும். சிற்றிலை ஒன்றின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பக்கநரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்து விளிம்புவரை ஓடுவதால், காவிளாயின் இலை நேர்குறுக்காகக் கிழியாமல் அம்புமுனை வடிவில் பிரியும். தமிழகத்தில் கொழுஞ்சி எனப்படும் இச்செடி, லின்னேயசு 1753இல் விவரித்த செடிகளுள் ஒன்று. தாவரவியலார் இன்று டெப்ரோசியா பர்பூரியா என்கின்றனர். காயையும் பாருங்கள்: தட்டையாக, 3 அல்லது 4 செ.மீ. நீளத்தில், நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அவுரியின் காய் உருண்டு மெலிந்தது. அதன் பூங்கொத்தும் கிளைநுனியில் அல்லாமல் இலைக்கக்கத்தில் தோன்றும்.

வாழைச்சேனை வாசகர்:
கல்குடாப் பக்கத்து மணலிலும் தெருவோரத் தரிசுகளிலும் இது தானாகவே முளைக்கிறது. ஆழ ஓடும் ஆணிவேர் கோடையின் வறட்சியைத் தாங்க உதவுகிறது. வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றித் தருவதால், சத்தற்ற மணலிலும் தழைக்கிறது. மழைக்குப் பின் ஒரு செடியை வேரோடு பிடுங்கி முடிச்சொன்றை நகத்தால் கீறினால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது முடிச்சு வேலை செய்வதன் அடையாளம். இத்தகைய செடியைக் களையென்று எரிப்பது பெரும் இழப்பு என்பதே என் உறுதியான கருத்து. பூக்கும் வேளையில் வெட்டித் தென்னையடியில் புதைத்தால் நல்ல தழைப்பசளையாகும். ஒரு பகுதியையாவது காய் முற்றும்வரை விட்டுவையுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்:
ஒன்றை மட்டும் கவனியுங்கள். இச்செடியிலுள்ள டெப்ரோசின் என்னும் வேதிப்பொருள் மீன்களுக்கு நஞ்சாகும். எனவே வெட்டிய தழையைக் குளத்திலோ வாய்க்காலிலோ போட வேண்டாம். முற்றிய காய்கள் வெயிலில் முறுகி வெடித்து விதைகளைச் சிதறிவிடும் என்பதால், பழுப்பேறத் தொடங்கும்போதே பறித்து உலர்த்துங்கள். விதைத்தோல் மிகக் கடினமானது; பருமணலுடன் சேர்த்துத் தேய்த்துவிட்டு, மாரித் தொடக்கத்தில் விதைத்தால் சீராக முளைக்கும்.