வலை வேலி இல்லாமல் இருந்த ஆறு நாட்கள்

சாண்ட்லர், அரிசோனா

எங்கள் வீட்டுப் பின்புற நீச்சல் குளத்தைச் சுற்றி நிற்பது கழற்றி மாட்டும் வலை வேலி. மூத்தவன் தவழத் தொடங்கியபோது போட்டது, ஆறு வருடமாகிறது. இப்போது இளையவளுக்கு இரண்டரை வயது. போன ஜூலையில் நடந்ததை எழுதி வைத்தால் இதே வேலி வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

இந்த வேலியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குளத்தைச் சுற்றியுள்ள கான்கிரீட் தளத்தில் மூன்றடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் குழாய் இறக்கி, அதில் அலுமினியக் கம்பத்தைச் செருகுவார்கள். கம்பத்துக்குக் கம்பம் வலை இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டையும் அடுத்த துண்டையும் மேலே ஒரு ஸ்ப்ரிங் கொக்கி இணைக்கும். வேலியின் பலம் முழுக்க அந்த இழுப்பில்தான் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலைப் போல, ஒரு இடத்தில் தளர்ந்தால் மொத்தமும் தொய்ந்துவிடும். எனக்கு இது தெரிந்தது வலை கிழிந்த பிறகுதான்.

இங்கே ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை மழைக்காலம் என்று பெயர். மழையை விடப் புழுதிப் புயல்தான் அதிகம். அப்படி ஒரு ராத்திரி, எங்கள் சுவரோரம் நிற்கும் விசிறிப் பனையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று வேலியின் மேல் விழுந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா காலையில் அதைப் பார்த்ததும், "நம்ம பனை மாதிரியே இதுக்கும் கருக்கு இருக்குடா" என்றார்கள். அந்தக் கருக்கு வலையை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தது.

நான் செய்த முதல் வேலை தப்பு. வெள்ளி நிற டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டினேன். 43 டிகிரி வெயிலில் பசை இளகி இரண்டே நாளில் டேப் தொங்கியது. அப்புறம் தூண்டில் நரம்பால் தைத்தேன். இழுத்துப் பிடித்திருக்கும் வலையில் தையல் போட்டால், ஊசி குத்திய துளையே அடுத்த கிழிசலுக்கு ஆரம்பம். ஒரு சாண் ஒன்றரைச் சாணாகிவிட்டது. விரல் நுழையாத சின்னக் கிழிசலென்றால் அதே வலையில் ஒரு துண்டு வெட்டி, வெயிலைத் தாங்கும் பாலியஸ்டர் நூலால் சுற்றிலும் தைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தத் துண்டையே மாற்றுவதுதான் சரி.

வேலி போட்டவர்களை அழைத்தேன். பன்னிரண்டடித் துண்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனார்கள், புது வலை மாட்டிக் கொண்டுவர ஆறு நாளாகும் என்றார்கள். மாற்றுத் துண்டு ஏதாவது தருவார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு என்றால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். நடுவில் ஒரு துண்டு போனதால் இரண்டு பக்கமும் வலை தொய்ந்து கிடந்தது. கம்பங்களில் வலையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தேன். பின்கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டடி இடைவெளியின் நடுவில், கையில் சிவப்புப் பந்தோடு மகள் நிற்கிறாள். சத்தமே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, தண்ணீரை. எனக்கும் அவளுக்கும் எட்டு அடி, அவளுக்கும் தண்ணீருக்கும் மூன்று அடி. எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை, தூக்கிவிட்டேன். முழங்கால் தோல் உரிந்திருந்தது அன்று ராத்திரிதான் தெரிந்தது.

அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்ததெல்லாம் உடம்பில் இறங்கியது அந்த எட்டு அடியில்தான்.

வேலி நிற்கிற நாட்களில் நாம் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். ரிப்பேருக்காகக் கழற்றிய நாட்களில்தான், "இதோ சரி செய்துகொண்டுதானே இருக்கிறேன்" என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. மறுநாளே பின்கதவில் அலாரம் பொருத்தினேன். மீதி மூன்று நாளும் குழந்தைகள் முழித்திருக்கும் நேரமெல்லாம் எங்களில் ஒருவர் கதவருகே, கையில் போன் இல்லாமல்.

ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

சாண்ட்லர் நண்பர் எழுதியதைப் படிக்கும்போதே கை நடுங்கியது. குழந்தை நன்றாக இருக்கிறாளே, அது போதும்.

எங்கள் வீட்டில் கிழிந்தது வலை இல்லை, கெட்டது கேட். போன கோடையில் மாமியார் வந்திருந்தார்கள். இங்கத்து வெயிலைப் பார்த்ததும் அவர்களுக்குக் கை பரபரத்தது. கூழ் கிளறி, குளத்துத் தளத்தில் வெள்ளை வேட்டி விரித்து வற்றல் போட ஆரம்பித்தார்கள். கேட் தானாக மூடிக்கொள்வது தட்டோடு போய்வரத் தொந்தரவாக இருந்ததால், ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்தார்கள். நான் ஆபீஸ் போன பிறகு வைத்து, வருவதற்குள் எடுத்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் இது எனக்குத் தெரியவே தெரியாது.

ஒருநாள் கேட்டை விட்டால் பாதியில் நிற்கிறது. மணிக்கணக்காக விரித்தே வைத்ததில் கம்பம் ஒரு பக்கம் சாய்ந்து, தாழ்ப்பாளின் இரண்டு பாகமும் நேருக்கு நேர் வரவில்லை. கீலில் ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி ஸ்ப்ரிங்கின் வேகத்தைக் கூட்டும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு பல் கூட்டினேன், மூடியது. ஆனால் கொஞ்சமாகத் திறந்து விட்டால் தாழ்ப்பாள் மேல் சாய்ந்துகொண்டு நின்றது, பிடிக்கவில்லை. பார்க்க மூடியிருக்கும், தள்ளினால் திறக்கும். கம்பத்தை நிமிர்த்திய பிறகுதான் சரியானது. அதனால் கேட்டைச் சோதிக்கும்போது முழுக்கத் திறந்து விட்டுப் பார்ப்பது போதாது. நான்கு விரல் அளவுக்குத் திறந்தும் விட்டுப் பாருங்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னதும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்கள். "நம்ம கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் இடிஞ்சப்ப உங்க மாமனார் அன்னைக்கே ஆள் வெச்சுக் கட்டினாரும்மா, எனக்கு இது தோணலையே" என்றார்கள். அந்தச் செங்கல்லை அவர்களே எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டார்கள். வற்றல் இப்போது முன்பக்க டிரைவ்வேயில் காய்கிறது.

டாம்பா, ஃப்ளோரிடா

2022 செப்டம்பரில் இயன் புயல் வருகிறது என்றதும் வேலியை நாங்களே கழற்றி கராஜில் சுருட்டி வைத்தோம். புயல் தெற்கே போய்விட்டது. திரும்ப மாட்ட எங்களுக்கு மூன்று நாள் ஆனது, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. துண்டுகளுக்கு எண் போடவில்லை. துளைகளுக்கு மூடி போடவில்லை, குழாய் நிறைய மணலும் இலையும். வாக்குவம் கிளீனரின் நுனியில் மெல்லிய குழாயைச் சொருகி ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தோம். கம்பம் அடிவரை இறங்காமல் ஓர் அங்குலம் மேலே நின்றாலும் அந்தத் துண்டின் கொக்கி அடுத்ததற்கு எட்டாது.

எங்களுடையது உப்புநீர்க் குளம். கொக்கியின் ஸ்ப்ரிங் மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு ஏறியிருக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். ப்ரெஷர் வாஷர் வேண்டாம், வலையின் மேல்பூச்சு போய்விடுகிறது. தோட்டக் குழாயும் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போதும்.

சாண்ட்லர் நண்பருக்கு ஒரு கேள்வி. எங்கள் கம்பம் ஒன்று குழாய்க்குள் இறுகிப்போய் வெளியே வரமாட்டேன் என்கிறது. சுத்தியால் தட்டலாமா?

பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா

இங்கே எங்களுடையது நிரந்தர வேலி, ஆனால் பாடம் ஒன்றுதான். வேலி குறைந்தது 1,200 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஏற உதவும் எதுவும் அதை ஒட்டி 900 மில்லிமீட்டருக்குள் இருக்கக் கூடாது. வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன் பார்க்க வந்த பரிசோதகர் வேலியில் ஒரு குறையும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த என் கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டி, சான்றிதழ் தர முடியாது என்றார். மூன்று வயதுப் பிள்ளை அதன் விளிம்பில் கால் வைத்தால் அரை வேலி ஏறியாயிற்று. தொட்டியை நகர்த்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

சாண்ட்லர், அரிசோனா

டாம்பா நண்பருக்கு: சுத்தி வேண்டாம், கம்பம் நசுங்கினால் பிறகு எந்தத் துளையிலும் இறங்காது. எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், எனக்கும் இதே தொல்லை உண்டு. குழாய்க்கும் கம்பத்துக்கும் நடுவில் வினிகர் கொஞ்சம் விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். வலையைப் பிடித்து இழுக்காமல், கம்பத்தின் அடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே மேலே தூக்குங்கள். வந்ததும் துளையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

ஃப்ரிஸ்கோ தங்கை எழுதியதைப் படித்ததும் எங்கள் கேட்டைப் போய்ப் பார்த்தேன். இங்கே சட்டப்படி, எங்களுடையது போல வெளிப்பக்கத்திலிருந்து திறக்கும் தாழ்ப்பாள் தரையிலிருந்து குறைந்தது 54 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும், அதனால் நான்கடி வேலிக்கு மேலே அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். முழுக்கத் திறந்து விட்டேன், பிடித்தது. நான்கு விரல் திறந்து விட்டேன், பிடிக்கவில்லை. இரண்டு மாதமாக நான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்த கேட் இது.

இன்று சாயங்காலம் கீலைத் திருகி, ஐந்தாவது கம்பத்தில் துருவேறிய ஸ்க்ரூக்களையும் மாற்றப் போகிறேன். முடியும்வரை மகள் அம்மாவோடு பக்கத்து வீட்டில் இருப்பாள்.