கேமில் வாள் பட்டது, அடி படவில்லை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பாலக்கோடு:
என் மாமா பையன் பப்ஜியில் குறி தப்பாதவன். லீவுக்கு வந்தவனுக்கு மாரோவிண்ட் (2002) என்ற பழைய கேமைப் போட்டுக் கொடுத்தேன். முதல் ஊரைத் தாண்டியதும் ஒரு நண்டு. கத்தி அதன்மேல் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, அடி மட்டும் படவில்லை. "அண்ணா, மவுஸ் போச்சு" என்றான். மவுஸ் நன்றாகத்தான் இருந்தது. அந்த கேமில் அடி படுமா என்பதை உள்ளே உருளும் பகடைதான் முடிவு செய்யும். அந்த ஆயுதத்தில் கதாபாத்திரத்துக்குத் திறமை எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று பார்க்கும். இவனோ ஊரிலிருந்து ஓடியே வந்து ஆளை மூச்சு வாங்க வைத்திருந்தான். நடந்து போகச் சொன்னேன், திறமை இருக்கிற ஆயுதத்தை எடுக்கச் சொன்னேன். நண்டு செத்தது, அவன் கோபம் அடங்கவில்லை.

அதே வரிசையில் அடுத்து வந்த ஆப்லிவியனில் (2006) கத்தி தொட்டால் அடி நிச்சயம். திறமை குறைந்தால் சேதம்தான் குறையும். அவனுக்கு அதுதான் பிடித்தது. எனக்குப் பழையதே போதும். ஆனாலும், அடி தவறும்போது நண்டு விலகுவது போலவாவது காட்டியிருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஓசூர்:
நைட் ஷிஃப்ட் இல்லாத நாளில் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் (2018) ஆடுவேன். கதை நடப்பது 1403, பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி). நாம் ஆடும் ஹென்றி கொல்லர் மகன், எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் கலைந்து கிடக்கும். எனக்குப் படிக்கத் தெரிந்து என்ன, அவனுக்குத் தெரியாதே! எழுத்தர் ஒருவரிடம் கற்ற பிறகுதான் சொற்கள் மெல்லத் தெளியும். வாள் சண்டையும் அப்படித்தான். பெர்னார்டிடம் பயிற்சி எடுக்க எடுக்க அவன் திறமை எண்களும் ஏறின, என் கையும் தேறியது. இதில் பாலக்கோடு அண்ணா சொன்ன எரிச்சல் எனக்கு வரவே இல்லை.

பென்னாகரம்:
எங்கள் அக்கா சந்தையில் பேரம் பேசினால் கடைக்காரரே சிரித்துவிடுவார். பால்டர்ஸ் கேட் 3-இல் (2023) காவலனிடம் சரியான பதிலைத்தான் தேர்ந்தெடுத்தாள். பேச்சு பலிக்குமா என்பதை அங்கேயும் பகடைதான் முடிவு செய்யும். இருபது முகப் பகடையில் 1 விழுந்தது. அது விழுந்தால் எத்தனை போனஸ் இருந்தாலும் தோல்விதான். "நான் பேசினது சரிதானே, அவன் எப்படி மறுக்கலாம்?" என்று என்னிடம் சண்டை. இப்போது யாரிடம் பேசும் முன்பும் சேவ் போட்டுவிடுகிறாள்.

பாலக்கோடு:
தம்பி, இன்ஸ்பிரேஷன் என்ற புள்ளி கையில் இருந்தால் அங்கேயே மறுபடி உருட்டலாம் என்று அக்காவிடம் சொல்லு. லோட் ஆகும் நேரமாவது மிச்சம்.