மீட்டரைக் குறைத்து விற்ற பழைய கார்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேட்டவர்:
வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் மதுரையில் ஒரு பழைய கார் கடையில் 2016 மாடல் டீசல் கார் எடுத்தேன். விலை 4,35,000 ரூபாய், மீட்டரில் 52,000 கிலோமீட்டர். கிளட்ச் வழுக்குகிறதே என்று நேற்று மெக்கானிக்கிடம் விட்டேன். பானட்டுக்குள் மங்கிப்போன ஸ்டிக்கர் ஒன்றைத் துடைத்துக் காட்டினார்: ‘அடுத்த ஆயில் 1,20,000’. வயிறு எரிகிறது. கடைக்காரரோ, “உள்ளது உள்ளபடின்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே சார்” என்கிறார். ஆர்சியும் இன்னும் மாறவில்லை.

பதில் 1:
கிளட்ச்சை இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஸ்டிக்கர், மீட்டர், பெடல் ரப்பர் தேய்ந்திருப்பது எல்லாவற்றையும் படம் எடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். தேதிவாரியாக கிலோமீட்டர் இருக்கும். அதுதான் உங்கள் ஆதாரம்.

அந்தக் கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம். பழைய வண்டியில் தேய்மானம் இருக்கும் என்று ஒத்துக்கொண்டீர்கள், சரி. பொய்க் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லையே! நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பழைய பொருளுக்கும் பொருந்தும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் பதிவு செய்யுங்கள், சில கடைகள் அதிலேயே இறங்கி வரும்.

பதில் 2:
என் தம்பி தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கி இதே மாதிரி மாட்டிக்கொண்டான். விற்றவர் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்கவில்லை, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியதாயிற்று. நீங்கள் கடையில் வாங்கியது நல்லதாகப் போயிற்று. பில் இருக்கிறதா?

கேட்டவர்:
பில் இருக்கிறது அண்ணா. விளம்பரத்தில் ‘52,000 ஓடியது’ என்று அவர்களே போட்ட ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. ஆர்சிக்கு என்ன செய்ய?

பதில் 1:
அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வையுங்கள், பில்லைவிட அது பேசும். பணம் திரும்ப வேண்டும் என்று கேட்கப் போகிறீர்கள் என்றால், பெயர் மாற்றத்துக்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் கடைக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேண்டும். அது இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
சர்வீஸ் விவரம் கைக்கு வந்தது. 2022-லேயே 1,11,340. ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் ஆணையத்தில் போடுகிறேன்.